சிகிச்சை முடிந்தது, கை ஏன் பாரமாக இருக்கிறது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு கணவர் கேட்கிறார்: "மனைவிக்கு மார்புப் புற்றுநோய். ஒப்பரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. டொக்டர் சுகம் என்கிறார். ஆனால் நித்திரை இல்லை, கோயிலுக்கும் வரமாட்டாவாம், கை பாரம் என்கிறா. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைக்கலாமா?"

கன்னியாவை இப்போதைக்கு விடுங்கள். கமக்கட்டில் நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) எடுத்திருந்தால், அல்லது அங்கே ரேடியேஷன் கொடுத்திருந்தால், அந்தக் கையின் நிணநீர் வடிவது குறைந்துபோகும், சூடு பட்டால் வீக்கம் கூடலாம். இந்த வீக்கம் மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். காப்பு இறுகுவது, சட்டைக் கை பிடிப்பது, இந்தப் பாரம், இவைதான் முதல் அறிகுறிகள். அடுத்த கிளினிக் வரை பார்த்திருக்காமல் பிசியோதெரபிக்குக் காட்டுங்கள். அதற்காகக் கையைச் சும்மா தொங்கப்போடவும் கூடாது. சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறும் பயிற்சி, தலை வாருவது, தேங்காய் திருவுவது எல்லாம் நல்லது, கிணற்றில் வாளி இழுப்பதை மட்டும் பிசியோவைக் கேட்டுப் படிப்படியாகத் தொடங்கட்டும். மீன் வெட்டும்போது கையுறை போடச் சொல்லுங்கள், ஒரு முள் குத்தினாலே கிருமி ஏறலாம். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

களைப்புக்குப் படுத்தே கிடப்பது மருந்தல்ல. பின்னேரத்தில் கடற்கரையோரம் சின்ன நடை போதும், நீங்களும் கூடப் போங்கள். புற்றுநோய் திரும்ப வராமல் இருக்கக் கொடுக்கும் டாமொக்சிஃபென் குளிசை குடிக்கிறா என்றால் இரவில் உடம்பு கொதித்து வியர்ப்பதும் நித்திரை கெடுவதும் அதனாலும் இருக்கலாம். டொக்டரிடம் சொல்லலாம், ஆனால் தானாக நிறுத்தக்கூடாது. வழக்கமாக அது 5 வருடம், சிலருக்கு 10.

கோயிலுக்கு வராதது பக்தி குறைந்ததால் அல்ல, பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பயந்துதான் பலர் வருவதில்லை. சனம் குறைந்த நேரத்தில் கோணேசர் மலைக்குப் போய்ப் பாருங்கள். "எல்லாம் சுகம்தானே, இன்னும் ஏன் அழுகிறாய்" என்று வீட்டில் யாரையும் கேட்க விடாதீர்கள். மகரகமவிலோ மட்டக்களப்பிலோ கிளினிக் நாள் நெருங்க நெருங்கப் பயம் கூடுவது இயல்பு, திரும்ப வந்துவிடுமோ என்ற அந்தப் பயத்தை அவ சொல்லும்போது மறுத்துப் பேசாமல் கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். காயம் நோகும் என்று நினைத்து வேறு அறையில் படுக்கிறீர்களா? அதை அருவருப்பு என்றே பல பெண்கள் எடுத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் சாப்பாட்டிலும் ஒன்றிலும் மனம் போகாமல் இருந்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே கூட்டிப்போங்கள், தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926.