எழுத்தும் ஓடவில்லை, கோடும் ஓடவில்லை: லினோகட் கேள்வி பதில்

எழுதவோ வரையவோ முடியாமல் முடங்கியிருக்கும்போது வேறொரு கலையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் லினோகட் அச்சு போடுகிறவள். லினோ என்ற மெத்தென்ற தகட்டில் உளியால் படம் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுக்கும் கலை அது. பதில்களில் மை வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் அடிக்கும்.

அக்கா, சிறுகதை எழுதுகிறேன். பல மாதமாக முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. படம் வரையப் பழகினால் சரியாகுமா?

முதல் பத்தியை எழுதிய கையோடு அதைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எழுத்தில் எது நல்லது, எது மட்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும் நாட்டாமை ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். தெரியாத கலையில் அவருக்கு வாய் திறக்க இடமில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பிகாசோ 1935இல், மணவாழ்க்கை முறிந்த சமயத்தில், மாதக்கணக்கில் ஓவியத்தை விட்டுவிட்டுக் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். கவிதைக்காக அவரை யார் நினைக்கிறார்கள்? ஆனால் 1937இல் 'கெர்னிகா' வரைந்தார். கவிதையால்தான் அது வந்தது என்று நான் சொல்லவில்லை. கை சும்மா இருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

உங்கள் கதையில் வரும் ஒரே ஒரு பொருளைச் செதுக்குங்கள். டிபன் கேரியர் என்றால், அதன் கொக்கி எந்தப் பக்கம் மடங்குகிறது, அடுக்குகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் பார்க்காமல் செதுக்கவே முடியாது. அப்புறம் அந்தக் கேரியரை யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதுங்கள்.

டேப்லெட்டில் வரைகிறேன் அக்கா. ஒரே கோட்டை அழித்து அழித்துப் போட்டே பொழுது போய்விடுகிறது.

உங்களுக்காகவே பிறந்தது லினோ. இங்கே 'அன்டூ' கிடையாது. செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. உளி வழுக்கினால் வழுக்கியதுதான். அந்தக் கோட்டைப் புல்லாகவோ மழையாகவோ ஆக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும். படமும் அச்சில் இடம் வலமாகத் திரும்பிவிடும், எழுத்து இருந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும். தாளை உரிக்கும்வரை எப்படி வந்திருக்கிறது என்று தெரியாது.

மை தேய்க்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அளவாகப் பரவியிருந்தால் ரோலருக்கு அடியில் 'சர்ர்' என்று மெல்லிய சத்தம் வரும். சளசளவென்று ஒட்டிப் பிரிகிற ஈரச் சத்தம் வந்தால் மை அதிகம், மெல்லிய கோடெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

செலவு எவ்வளவு ஆகும்?

முதலில் பெரிய சைஸ் அழிரப்பர், கட்டர் பிளேடு, ஸ்டாம்ப் பேட், இவை போதும். ஸ்டேஷனரி கடையிலேயே முடிந்துவிடும். பிடித்துப்போனால் லினோ, உளி, ரோலர், மை வாங்குங்கள். அச்சு இயந்திரம் வேண்டாம். தாளின் முதுகில் மரக்கரண்டியால் அழுத்தித் தேய்த்தாலே அச்சு விழும். லினோ விறைப்பாக இருந்தால் சற்று நேரம் வெயிலில் வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் சேர்த்துச் செய்த பொருள், சூட்டில் இளகிக் கொடுக்கும். நீர் மை என்றால் ஃபேனை அணைத்துவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் தட்டிலேயே காய்ந்துபோகும்.

கையை வெட்டிக்கொள்வேனோ என்று பயம்.

பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். மழுங்கிய உளிதான் ஆபத்து. அதிகமாக அழுத்துவீர்கள், அது வழுக்கும்.

இதெல்லாம் எழுதாமல் இருக்கச் சாக்கு என்கிறார் என் கணவர்.

பாதி உண்மை, அவரிடம் சொல்லிவிடாதீர்கள். உளி செட்டைப் பற்றி வீடியோ பார்த்தே மூன்று வாரம் ஓட்டினால் அது சாக்குதான். செதுக்கியதை உடனே இன்ஸ்டாகிராமில் போடுவதும் வேண்டாம். லைக் எண்ண ஆரம்பித்தால் அந்த நாட்டாமை இங்கேயும் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். இன்னொன்று: எழுத்து மட்டுமல்ல, தூக்கமும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் இழுத்தால், உளியைத் தேடாமல் டாக்டரைப் பாருங்கள்.

மிருதங்கம் வாசிக்கிறேன். கச்சேரியில் தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் புதிதாக எதுவும் தோன்றவில்லை. நானும் லினோ செய்யலாமா?

வேண்டாம் தம்பி. உளி பிடித்தால் மணிக்கட்டும் கட்டை விரலும் வலிக்கும், உங்கள் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. பாட்டு கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் பக்கவாத்தியம் வாசிக்கிற கீர்த்தனையைச் சாகித்தியத்தோடு, அதாவது பாட்டு வரிகளோடு, பாடிப் பழகினால், பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பது பிடிபடும். அந்த இடத்தில் என்ன வாசிக்கலாம் என்று அப்புறம் யோசியுங்கள். கண்டிப்பாக அச்சுதான் போடுவேன் என்றால், கச்சேரி சீசன் முடிந்ததும் வாங்க, அழிரப்பரில் ஆரம்பிக்கலாம்.