பாயசம் ஏன் திரிகிறது, ஏன் இறுகுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடி பிறந்தால் போதும், வரும் கேள்விகளில் பாதி பாயசமாகத்தான் இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுத்தே வயதாகிவிட்டது எனக்கு. ஐந்து லிட்டர் பாலிலும் கிண்டியிருக்கிறேன், ஐம்பது லிட்டரிலும் கிண்டியிருக்கிறேன். கெடுத்தும் இருக்கிறேன், அதையும் கீழே சொல்கிறேன்.

அக்கா, அடுப்பில் இருக்கும்போது பாயசம் சரியாகத்தான் இருக்கிறது. பந்தி போடும் நேரத்தில் பார்த்தால் பொங்கல் மாதிரி கெட்டியாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இதே கதைதான். (தண்டையார்பேட்டை வாசகி)

எவ்வளவு அரிசி போட்டீர்கள் என்று எழுதவில்லையே! ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு டம்ளர் அரிசி போட்டிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். அது பாயசம் இல்லை, பால் சோறு. ஒரு லிட்டர் பாலுக்கு 50 கிராம் பச்சரிசி போதும். ஒரு கைப்பிடி, அதற்கு மேல் ஒரு சிட்டிகை. பார்க்கக் கஞ்சத்தனமாகத் தோன்றும். வெந்து மலர்ந்த பிறகு பாருங்கள்.

சூட்டில் அரிசியின் மாவுச்சத்து பாலில் கரைந்து நிற்கிறது. ஆற ஆற அது ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு இறுகுகிறது. ராத்திரி வைத்த கஞ்சி காலையில் கெட்டியாவதும் இதனால்தான். அதனால் நீங்கள் விரும்பும் பதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லிசாக ஒட்டி, விரலால் கோடு போட்டால் கோடு மெதுவாக மூடிக்கொள்ளும் பதம். கோடு அப்படியே நின்றால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். காய்ச்சிய சூடான பால் அரை டம்ளர் கையில் வைத்திருந்தால் பரிமாறும் முன் ஊற்றித் தளர்த்தலாம். பச்சைப் பாலையோ தண்ணீரையோ ஊற்றாதீர்கள்.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதம் கொழுப்பு, நீல பாக்கெட் 3 சதவீதம். நீலத்தில் பாயசம் வராது என்று சொல்ல மாட்டேன், வரும். ஆனால் இன்னும் இருபது நிமிடம் கூடுதலாகச் சுண்ட வேண்டும், அப்போதும் அந்த வழவழப்பு வராது. நல்ல நாளுக்கு இரண்டு ஆரஞ்சு பாக்கெட் வாங்கிவிடுங்கள், முந்திரியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

வெல்லம் போட்டதும் பால் திரிந்துவிட்டது. பால் கெட்டுப்போனதா, வெல்லம் கெட்டதா? மாமியார் முன்னால் மானம் போய்விட்டது. (கொருக்குப்பேட்டை)

இரண்டுமே கெடவில்லை தங்கச்சி. வெல்லத்தில் கொஞ்சம் புளிப்பு உண்டு, நாக்குக்குத் தெரியாது, பாலுக்குத் தெரியும். பால் கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் புளிப்பு போய்ச் சேர்ந்தால் பாலில் உள்ள புரதம் திரண்டு பிரிந்துவிடும். பன்னீருக்கு எலுமிச்சை பிழிகிறோமே, அதே வேலைதான். ஆறிய பாலில் அதே வெல்லத்தை ஊற்றினால் ஒன்றும் ஆகாது. சூடும் புளிப்பும் ஒன்றாகச் சேரும்போதுதான் வம்பு. மழைக்காலத்தில் கசிந்து பிசுபிசுத்த பழைய வெல்லம் என்றால் இன்னும் மோசம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் வளைகாப்பு. பாதாம் நிறத்தில் பால் அழகாகச் சுண்டி வந்திருந்தது. பந்திக்கு அவசரப்படுத்தினார்கள் என்று வெல்லத்தைத் தட்டி நேராக அண்டாவில் கொட்டினேன். கிண்டிய கரண்டியை வெளியே எடுத்தால் அதில் தவிட்டு நிறத்தில் சின்னச் சின்னத் திப்பி, ஓரத்தில் பச்சைத் தண்ணீராகப் பிரிந்து ஓடுகிறது. நாற்பது லிட்டர். அந்த நிறத்தை இன்றுவரை மறக்கவில்லை.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். 200 கிராம் வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டு வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் மண்ணும் கரும்புச் சக்கையும் பல்லில் நறநறக்கும். பாகை ஓரமாக வைத்து முழுக்க ஆறவிடுங்கள். அரிசியும் பாலும் சேர்ந்து வெந்து பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, விரல் விட்டால் பொறுக்கிற சூடு வரும்வரை காத்திருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அப்புறம் ஆறிய பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மறுபடி அடுப்பில் வைக்கவே கூடாது. மாமியார் சூடாகக் கேட்டாலும் கூடாது.

ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் திரியாது என்பார்கள். உண்மைதான், புளிப்பை அது முறித்துவிடும். ஆனால் வாயில் ஒரு சவர்க்கார வாடை தங்கும். எனக்குப் பிடிக்காது.

திரிந்துபோனதைக் கொட்ட வேண்டாம். வெல்லத்தால் திரிந்தது உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆறவைத்து மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஃபிரிட்ஜில் குளிரவைத்துச் சின்ன கிண்ணத்தில் கொடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள். வெல்லம் போடும் முன்பே திரிந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ அது வேறு. அதைக் கொட்டிவிடுங்கள்.

ரேஷன் பச்சரிசியில் பாயசம் வைக்கலாமா? பாஸ்மதி போட்டால் விசேஷமாக இருக்குமா?

தாராளமாக வைக்கலாம். பொங்கல் தொகுப்பில் வந்த பச்சரிசியில் நானே வைத்திருக்கிறேன். நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஒரு ஸ்பூன் நெய்யில் வாசம் வரும்வரை வறுங்கள். பாதியை விரலால் நசுக்கி நொய்யாக்கிப் போட்டால் பால் தானாகக் குழையும். பாஸ்மதி உதிரியாக நிற்பதற்கென்றே பிறந்த அரிசி, அதைப் பிரியாணிக்கு விட்டுவிடுங்கள். காசு செலவழிக்க ஆசை என்றால் சீரகச் சம்பா வாங்குங்கள், வாசமும் உண்டு, குழையவும் செய்யும். புழுங்கல் அரிசி மட்டும் வேண்டாம்.

கேரளத்துக்காரர்கள் வைப்பது மாதிரி ரோஸ் நிறத்தில் பால் பாயசம் வேண்டும். கலர் பொடி போடுகிறார்களா? (பெரம்பூர்)

பொடி எதுவும் இல்லை. அம்பலப்புழை கோயில் பாயசத்துக்கும் அந்த நிறம் வருவது நெடுநேரம் காய்வதால்தான். பாலில் உள்ள சர்க்கரையும் புரதமும் மெல்லிய சூட்டில் ரொம்ப நேரம் சேர்ந்து இருந்தால் நிறம் மாறும், பால்கோவா சிவப்பதும் அப்படித்தான்.

வீட்டில் குக்கரில் செய்யலாம். ஐந்து லிட்டர் குக்கரில் ஒரு லிட்டர் பால், 50 கிராம் அரிசி, 150 கிராம் சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்ந்து குக்கரில் பாதியைத் தாண்டக் கூடாது, நுரை பொங்கி விசில் குழாயை அடைத்துக்கொள்ளும். வெயிட் போட்டு, ஆவி கட்டியதும் தீயை இருப்பதிலேயே சின்னதாக வைத்து முப்பது முப்பத்தைந்து நிமிடம். ஆவி தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும்.

"சர்க்கரையை முதலிலேயே போட்டால் அரிசி வேகாது என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்பீர்கள். திறந்த பாத்திரத்தில் அப்படித்தான். அரிசிக்குப் போக வேண்டிய தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்ளும். குக்கருக்குள் கொதிநிலையைத் தாண்டிய சூடு இருப்பதால் அதையும் மீறி வெந்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைப்பவர்கள், அரிசி விரலில் மசிந்த பிறகே சர்க்கரை போடுங்கள்.

சவுக்கார்பேட்டையில் குடியிருக்கிறோம். வீட்டு ஓனர் அம்மா கொடுக்கும் கீர் நம் பாயசம் மாதிரியே இருக்கிறது, ஆனாலும் வேறு மாதிரி இருக்கிறது. என்ன போடுகிறார்கள்? மண்ணடித் தோழி வீட்டில் சாப்பிட்ட பிர்னியும் இதேதானா?

மூன்றும் ஒரே குடும்பம். கீர் என்றாலும் பால், பாயசத்தில் இருக்கும் 'பயஸ்' என்றாலும் பால். தெலுங்கு பேசும் வீடுகள் நம் பக்கம் நிறைய, அங்கே இது பரமான்னம், பெரும்பாலும் வெல்லம்தான். வங்காளத்தில் பாயேஷ். குளிர்காலத்தில் ஈச்ச மரத்துச் சாற்றில் காய்ச்சிய வெல்லம் போடுவார்கள். நம் கருப்பட்டி பனையிலிருந்து வருவது, அது வேறு ருசி.

உங்கள் வீட்டுக்கார அம்மாவின் கீரில் அந்த வேறு ருசி சாரைப்பருப்பும் குங்குமப்பூவுமாக இருக்கும். சாரைப்பருப்பு துவரம்பருப்பை விடச் சற்றுப் பெரிது, உருண்டையாக, கடித்தால் பாதாம் மாதிரி. தங்கசாலைத் தெருப் பக்கம் உலர்பழக் கடைகளில் கேளுங்கள். குங்குமப்பூவை நேராகப் பாயசத்தில் தூவினால் காசு வீண். இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் கால் மணி நேரம் ஊறவைத்து அந்தப் பாலோடு ஊற்ற வேண்டும்.

பிர்னியில் அரிசி முழுசாக இருக்காது. ஊறவைத்து ரவைப் பதத்துக்கு அரைத்து, ஆறிய பாலில் கரைத்துத்தான் ஊற்றுவார்கள். கரைக்காமல் நேராகக் கொதிக்கிற பாலில் போட்டால் கட்டி தட்டும். கை எடுக்காமல் கிண்ட வேண்டும், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கெட்டியாகிவிடும். அதை மண் கிண்ணத்தில் ஊற்றிக் குளிரவைப்பது வெறும் அழகுக்கு இல்லை. மண் கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிர்னி தயிர் மாதிரி உறைந்து நிற்கும். கொசப்பேட்டையில் குயவர்களிடம் கிடைக்கும். புதுக் கிண்ணத்தை இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் பிர்னியை விட்டு மண்வாசனையைத்தான் சாப்பிடுவீர்கள்.

மில்க்மெய்ட் ஊற்றலாமா?

ஊற்றலாம். அதில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரை, அதை மறந்துவிட்டு உங்கள் சர்க்கரையையும் அப்படியே போட்டுவிடாதீர்கள். நேரம் இல்லாதவர்களுக்கு அது கைகொடுக்கும். நேரம் இருந்தால் தேவையே இல்லை.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். பாயசம் ஏதோ கரிப்பாக இருக்கிறது. (காசிமேடு)

கடலுக்குப் பக்கத்தில் வேறு எப்படி இருக்கும்? அரிசி கழுவுவது போரில் இருக்கட்டும். ஊறவைப்பதும் வேகவைப்பதும் கேன் தண்ணீரிலோ மெட்ரோ தண்ணீரிலோ செய்யுங்கள். அரிசி குடிக்கிற முதல் தண்ணீர்தான் கடைசி வரை ருசியில் நிற்கும்.

என் பாட்டி பர்மாவிலிருந்து வந்தவர். கறுப்பு அரிசியில் ஒரு பாயசம் செய்வார். நான் செய்தால் அரிசி கல் மாதிரி நிற்கிறது. (வியாசர்பாடி)

கவுனி அரிசி. உங்கள் பாட்டியைப் போல இந்த அரிசியும் பர்மாவைப் பார்த்ததுதான், செட்டிநாட்டுக்காரர்கள் அங்கே வியாபாரம் செய்த காலத்தில் அவர்கள் வீட்டுப் பந்திக்கு வந்து சேர்ந்தது. மேல் தோல் நீக்காத அரிசி என்பதால் அரை மணி நேர ஊறலுக்கெல்லாம் மசியாது. முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுங்கள். ஊறிய தண்ணீர் ஊதா நிறமாக இருக்கும், அதைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், நிறமும் வாசமும் அதில்தான். ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர், அந்த ஊறிய தண்ணீரையும் சேர்த்துத்தான். ஏழெட்டு விசில். திறந்து ஒரு அரிசியை நசுக்கிப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் இரண்டு விசில்.

நீங்கள் சர்க்கரையை முன்னாலேயே போட்டிருப்பீர்கள். வேகாத கவுனியில் சர்க்கரை விழுந்தால் விறைத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் இளகாது. நன்றாக வெந்த பிறகு சர்க்கரை, நெய், ஏலக்காய். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு முதல் தேங்காய்ப் பால். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். பாட்டி செய்தது கெட்டியாக, மேலே தேங்காய்த் துருவல் தூவினதா? அப்படியானால் பாலே வேண்டாம், துருவலை மட்டும் கலந்துவிடுங்கள்.

கணவருக்குச் சர்க்கரை நோய். வெல்லத்தில் செய்தால் சாப்பிடலாமாமே?

யார் சொன்னது? வெல்லமும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான், இரத்தத்தில் ஏறத்தான் செய்யும். கருப்பட்டியும் அப்படியே. அரிசி வேறு இருக்கிறது. மருத்துவர் சரி என்றால் சாப்பாட்டின் பகுதியாக இரண்டு ஸ்பூன் கொடுங்கள், தம்ளரில் கொடுக்காதீர்கள். அவருக்காகத் தனியாக ஒன்று செய்ய நினைத்தால், சர்க்கரைக்குப் பதில் போடும் மாத்திரைகளில் சில சூட்டில் இனிப்பை இழந்துவிடும், அதனால் இறக்கி ஆறிய பிறகு போடுங்கள்.

அடி பிடித்துவிட்டால் வாசனையை எப்படிப் போக்குவது?

போக்க முடியாது. சுரண்டாமல், கிண்டாமல், மேலே இருப்பதை மட்டும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தப்பித்தால் அதிர்ஷ்டம். அடுத்த முறை பால் ஊற்றும் முன் பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி அந்த ஈரத்தோடு ஊற்றுங்கள், கனமான அடி உள்ளதாக எடுங்கள்.

மிச்சமான பாயசத்தை மறுநாள் சாப்பிடலாமா? பச்சைக் கற்பூரம் எவ்வளவு?

இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போயிருந்தால் சாப்பிடலாம். வெந்த அரிசியில் ஒருவகைக் கிருமியின் வித்து சூட்டுக்கும் சாகாமல் தங்கியிருக்கும். வெளியே வைத்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சு விடும், மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நம் ஊர் வெயிலில் ராத்திரி முழுக்க மேடையில் இருந்த பாயசத்தை வாசனை நன்றாக இருக்கிறதே என்று குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

பச்சைக் கற்பூரம் ஐந்து லிட்டருக்கு ஒரு மிளகளவு. வீட்டு அளவுக்குக் கடுகளவு. அதுவும் சமையலுக்கென்று கேட்டு வாங்கியதாக இருக்க வேண்டும். சாமிக்கு ஏற்றுகிற சூடக் கட்டி விஷம், அதையும் இதையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திருவொற்றியூர்)

நாக்கால் முடியாது என்றால் தராசால். ஒரு லிட்டர் பால் முக்கால் லிட்டராகச் சுண்டும்போது 150 கிராம் சர்க்கரை எல்லா நாக்குக்கும் பொருந்தும். கண்ணுக்கும் ஒரு அடையாளம் உண்டு. சர்க்கரை போட்டதும் பாயசம் இளகும், திரும்பவும் பழைய பதத்துக்கு வர ஏழெட்டு நிமிடம் கொதிக்கும். அந்தக் கொதியில் குமிழி பெரிதாக, பளபளவென்று வரும். ஆறினால் இனிப்பு கொஞ்சம் மட்டுப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படையல் முடிந்ததும் முதல் கரண்டி நீங்கள் குடித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைச் சூடான பாலில் கரைத்து, பந்திக்குப் போகும் பாத்திரத்தில் கலந்துவிடுங்கள்.