பெஞ்சு போட்டோம், யாரும் உட்காரவில்லை

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்புக்கு நடுவே கிடந்த காலி இடத்தை எங்கள் கட்டடக்கலைக் குழு சீரமைத்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். பூங்காவும் பெஞ்சும் வேண்டும் என்றார்கள், போட்டோம். இப்போது பெஞ்சுகளுக்கு நடுவே பைக் நிற்கிறது. பெண்கள் பழையபடி மாடிப்படி வாயிலில்தான் உட்கார்கிறார்கள். மானுடவியலும் சமூகவியலும் இதில் எதற்கு உதவும்?

வாசகி, பெரம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. காலை பதினொரு மணி என்றால் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். இரவு ஷிப்ட் பார்த்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். கேள்வியிலும் கோளாறு உண்டு. கையில் படிவத்தோடு வந்தவரிடம், அவரால் முடியும் என்று தோன்றுவதைத்தான் ஜனங்கள் கேட்பார்கள். "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் பிடித்தது, துணி காயப்போட்டது, பிள்ளையை யாரிடம் விட்டுப்போனார் என்பதெல்லாம் தானாக வரும்.

பிறகு கேட்பதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இடத்தின் வரைபடத்தைப் பல நகல் எடுத்துக்கொள்ளுங்கள். காலை 5.30, 8, பகல் 12, மாலை 4, 6.30, இரவு 9 ஆகிய நேரங்களில் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நின்று, யார் எங்கே இருக்கிறார்கள் என்று அதில் குறியுங்கள். ஆணுக்கு வட்டம், பெண்ணுக்கு முக்கோணம், பிள்ளைக்குப் புள்ளி; உட்கார்ந்தவருக்கு அடியில் ஒரு கோடு. இரண்டு வேலைநாள், ஒரு ஞாயிறு, தண்ணீர் லாரி வரும் ஒரு நாள். எல்லாவற்றையும் ஒரே டிரேசிங் தாளில் ஏற்றினால் கூட்டம் சேரும் புள்ளி கறுத்துத் தெரியும். ஆரம்பத்தில் போட்டோ எடுக்க வேண்டாம். குடிசைகளைக் காலி செய்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடும்பங்களை அனுப்பிய நகரம் இது. கேமராவும் கணக்கெடுப்பும் வந்தால் காலி செய்யச் சொல்வார்களோ என்றுதான் முதலில் தோன்றும்.

படி வாயில் விஷயத்துக்கு வருகிறேன். நகர வாழ்க்கையை ஆராய்ந்த அமெரிக்கர் வில்லியம் ஒயிட் 1970களில் நியூயார்க் சதுக்கங்களில் கேமரா வைத்துப் பார்த்தார். பேசுகிறவர்கள் ஒதுக்குப்புறமாகப் போகாமல், ஆள் நடமாட்டத்துக்கு நடுவிலேயே நின்று பேசினார்கள். உங்கள் பெண்களும் அப்படித்தான். படியில் உட்கார்ந்தால் குழாய், பிள்ளை, வருகிறவர், போகிறவர் எல்லாம் கண்ணுக்குள் இருக்கும். நட்ட நடுவில் கிடக்கும் பெஞ்சில் அவர்கள்தான் எல்லோர் கண்ணிலும் படுவார்கள். ஆகவே படி வாயிலில் நாலடி வழியை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் திண்ணை கட்டுங்கள். உயரம் 40 செ.மீ., அகலம் 75 செ.மீ. இருந்தால் காலை மடக்கி உட்கார்ந்து கீரை ஆயலாம். 45 செ.மீ. அகல பெஞ்சில் அது முடியாது.

பைக்குக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து, ஜன்னலிலிருந்து தெரியும் இடத்தில்தான் வண்டியை விடுவார்கள். தடுப்புக்கல் நட்டால் பெயர்த்துவிடுவார்கள். அதே பார்வையில் சுவரோரமாக, வண்டிக்கு மூன்றடிக்கு ஆறரை அடி என்று கோடு போட்டுக் கொடுங்கள்.

எந்தப் படிவத்திலும் வராத ஒன்று, சாவு. வீட்டில் ஒருவர் இறந்தால் ஃப்ரீசர் பாக்ஸ் வைக்க, ஷாமியானா கட்ட, நாற்காலி போட, ராத்திரி கானா பாட இடம் வேண்டும். மூன்றாம் மாடிப் படித் திருப்பத்தில் அந்தப் பெட்டி ஏறாது. கீழேதான் வைத்தாக வேண்டும். கல்யாணத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அதே இடம்தான். இருபதடிக்கு முப்பதடி தரையில் மரம், பெஞ்சு, செடித்தொட்டி எதுவும் வைக்காதீர்கள். ஷாமியானாக் காலுக்கு நாலு மூலையிலும் குழாய் புதைத்து மூடி போட்டால், ஒவ்வொரு முறையும் கடப்பாரையால் தரையைக் குத்த மாட்டார்கள்.

கூட்டம் போட்டால் சங்கத் தலைவரும் வட்டச் செயலாளரும் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆறேழு பேராகப் பிரித்து, வயசுப் பெண்களைத் தனியாக உட்காரவைத்து, தரையில் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். உங்களுக்கு முதலில் நாற்காலி போட்டவரையே நம்பி அலையாமல், ஒவ்வொரு பிளாக்கிலும் வேறொருவரிடமிருந்து தொடங்குங்கள். சிமென்ட் கலக்கும் முன் ஷாமியானாக் கடையில் இருபது பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பாருங்கள். அவற்றை எங்கே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி வரைபடம் ஆயிற்று.

பொதுச்சொத்தை ஊரே பராமரிப்பது பற்றிய ஆய்வுக்காக 2009இல் நோபல் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம், பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் கண்காணிக்கும் இடங்கள் நீடிக்கின்றன என்று காட்டினார். உங்கள் இடத்தில் அது மிகச் சில்லறையான கேள்விகளாகத்தான் வரும். விளக்கு யார் வீட்டு மீட்டரில் எரியும்? பியூஸ் போனால் யார் காசு? தண்ணீர்த் தொட்டிப் பூட்டின் சாவி எந்த வீட்டு ஆணியில் தொங்கும்? திண்ணைக்குச் செங்கல் இறக்குவதற்கு முன் இந்த மூன்றுக்கும் ஆளைப் பிடியுங்கள்.