கட்டாயப்படுத்தினால் பக்தி வருமா?

கேள்வி: பதினேழு வயது மகன் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வர மறுக்கிறான். வராவிட்டால் ரியூஷன் காசு இல்லை என்று சொல்லிவிட்டேன். பிழையா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிழைதான் அம்மா. காசுக்குப் பயந்து வருகிற பிள்ளை திருநீறு பூசிக்கொண்டு, கைகூப்பிக்கொண்டு உங்கள் பக்கத்தில் நிற்பான், தீபாராதனை முடியுமட்டும் கண் வாசலில் இருக்கும், அப்புறம் வீட்டில் உண்மை பேசுவதையே விட்டுவிடுவான். எனக்குப் பயம் அதுதான். இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லாருக்கும் தருகிறது, அரசாங்கம் அதில் கைவைத்தால் கொதிப்போம், சொந்தப் பிள்ளையிடம் மட்டும் பறிக்கலாமா? கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கத்தோலிக்கக் கோயிலில் செவ்வாய்க்கிழமை பாருங்கள், எத்தனை சைவ ஆட்கள் தாங்களாகவே வந்து மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். சரி, மகனைக் கோயிலுக்குக் கூப்பிடுங்கள், நீங்கள் ஏன் கும்பிடுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ரியூஷன் காசை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.