ஒரே உச்சியில் சோட்டாவும் போட்டியும்: எதை முதலில் முடிப்பது?

கேள்வி: ஜனவரியில் அமெச்சூர் ரேடியோ போட்டி நடக்கும் ஒரு வார இறுதியில் பனி படிந்த மலை ஒன்றில் ஏறி, சோட்டா (மலையுச்சியிலிருந்து ரேடியோ தொடர்பு கொள்ளும் திட்டம்) புள்ளியையும் போட்டிப் புள்ளியையும் ஒரே பயணத்தில் எடுக்கப் பார்க்கிறேன். கையில் இருப்பது 5 வாட் டிரான்ஸீவரும் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) 6 ஆம்பியர்-மணி லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரியும். உச்சியில் மைனஸ் 5 டிகிரி இருக்கலாம். பகல் முழுக்கத் தாங்குமா? வேறென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: பேட்டரி உங்களுக்கு முன்னால் படுத்துவிடாது. இந்த வகை ரேடியோ கேட்கும்போது அரை ஆம்பியர், பேசும்போது 2 ஆம்பியர் போல இழுக்கும். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் சராசரி 0.8 ஆம்பியர், கணக்குப்படி ஏழரை மணி நேரம். குளிருக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் ஐந்து மணி நேரம் கிடைக்கும். பேட்டரியைப் பனிமேல் வைக்காமல் கோட்டுக்குள் வைத்து, வயரை மட்டும் வெளியே விடுங்கள். சோலார் தகட்டை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இந்த பேட்டரியை சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

நான் கவலைப்படுவது விதிகளைப் பற்றித்தான். சோட்டா, அதாவது 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்', 2002இல் தொடங்கிய திட்டம். உச்சியிலிருந்து 25 மீட்டர் செங்குத்து இறக்கத்துக்குள் இருக்க வேண்டும், கருவிகளை நீங்களே சுமந்து ஏற வேண்டும், காரிலிருந்து இயக்கக் கூடாது, ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழித் தொடர்பு செல்லாது, புள்ளிக்கு வெவ்வேறு நிலையங்களுடன் நான்கு தொடர்பு தேவை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போட்டியோடு சேரும்போதுதான் இரண்டு இடங்களில் கால் இடறும்.

முதலாவது, சிக்னல் ரிப்போர்ட். சோட்டா தொடர்பில் கால்சைனோடு (நிலையத்தின் அடையாளக் குறி), சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற ரிப்போர்ட்டும் பரிமாறியாக வேண்டும். ஏஆர்ஆர்எல் (அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கம்) நடத்தும் ஜனவரி விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) போட்டி மாதிரியானவற்றில் கட்டச் சதுரக் குறியீட்டை (வரைபடக் கட்டத்தில் நம் இடத்தைக் காட்டுவது) சொன்னாலே போதும். எதிர் நிலையம் ரிப்போர்ட் தராமலேயே அடுத்தவரிடம் போய்விடும். முதல் சில தொடர்புகளிலாவது நீங்கள் '59' (நன்றாகக் கேட்கிறது) என்று சொல்லி, அவரிடமும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதற்கு இரண்டு வினாடிகூட ஆகாது.

இரண்டாவது, சுய ஸ்பாட். சோட்டாவில் நம் அலைவரிசையை நாமே இணையத்தில் போடுவது அன்றாட வழக்கம். சில போட்டிகளில் அதுவே தகுதி நீக்கத்துக்குக் காரணமாகலாம். இதற்கு நான் கையாளும் வழி, சோட்டாவைப் போட்டி நடக்காத பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) முடித்துவிடுவது. 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளில் போட்டி நடப்பதில்லை. மோர்ஸ் என்றால் 10, குரல் என்றால் 18. அங்கே ஸ்பாட் போட்டு நான்கைந்து தொடர்பு எடுத்துவிட்டுப் போட்டிக்குள் நுழையுங்கள். பிறகு வானிலை விரட்டினாலும் சோட்டா புள்ளி கையில் இருக்கும்.

குளிர் விஷயத்தில் பலரும் தப்பு செய்வது உச்சியை அடைந்த முதல் ஐந்து நிமிடத்தில். ஏறிய சூட்டில் உடம்பு கதகதப்பாக இருக்கும். அந்த உற்சாகத்தில் நேராக ஆன்டெனாக் கம்பத்தை நிமிர்த்தப் போவார்கள். முதலில் வியர்வையில் நனைந்த உள்சட்டையை மாற்றுங்கள், தடித்த கோட்டை மாட்டுங்கள், உட்கார ஃபோம் பாயை விரியுங்கள். ஆன்டெனா அப்புறம். மைனஸ் 5 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், தோலுக்கு அது மைனஸ் 13 போல இருக்கும். அசையாமல் உட்கார்ந்து டயலைத் திருப்புகிறவருக்கு இரண்டு மூன்று மணி நேரமே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கையுறைக்கு மேல் தடித்த மிட்டன் போட்டு, கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

பால்பாயின்ட் பேனாவை நம்பாதீர்கள். மை உறைந்ததால் காகிதத்தில் வெறும் கீறலாக விழுந்த என் லாக்கை (தொடர்புக் குறிப்பேடு) சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க ஒரு மாலை முழுக்கப் போனது. பென்சில்தான் சரி. நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள். சோட்டா, போட்டி இரண்டு லாக்குக்கும் அதே நேரம்தான்.

ஆன்டெனாவுக்கு, ஒரு முனையில் கேபிளை இணைக்கும் அரையலை (அலைநீளத்தில் பாதி நீள) வயர் போதும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 10 மீட்டர் நீளம். கால் அலைச் செங்குத்து ஆன்டெனாவைப் பனிமேல் நட்டு நல்ல தரையிணைப்பை எதிர்பார்க்காதீர்கள். உலர் பனி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. சிலிகான் உறை போட்ட வயர் குளிரில் விறைக்காது, பிவிசி விறைக்கும். முளை பனியில் நிற்காது. துணிப்பையில் பனியை நிரப்பிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டுங்கள். பனித்துகள் காற்றில் பறக்கும்போது ரேடியோவில் இரைச்சல் மெல்ல ஏறினால், வயரில் மின்னேற்றம் சேர்கிறது என்று பொருள். உடனே கேபிளைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள்.

விஎச்எஃப் என்றால் உயரமே உங்களுக்கு ஆன்டெனா மாதிரி. ரேடியோ தொடுவானத்தை (அலை நேராக எட்டும் தூரம்), சுற்றியுள்ள நிலத்துக்கு மேலான உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கிக் கிலோமீட்டரில் கணக்கிடலாம். 1000 மீட்டர் எழும்பி நிற்கும் உச்சிக்கு 130 கிலோமீட்டர். சிறிய யாகி (ஒரே திசையில் குவித்து அனுப்பும் ஆன்டெனா) ஒன்று இருந்தால் அதையும் தாண்டலாம்.

போட்டியில் 5 வாட்டை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் 'சிக்யூ' (யாராவது பதில் தாருங்கள் என்ற அழைப்பு) கூவிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. பேண்டை உருட்டி, கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் கொடுங்கள். இரண்டு நாள் போட்டி என்றால் இரண்டாம் நாளில் ஏறுங்கள் என்பேன். முதல் நாளில் பெரிய நிலையங்கள் ஒருவரையொருவர் முடித்திருக்கும். மறுநாள் புதுக் கால்சைனுக்கு ஏங்கிக் கிடக்கும். அப்போது உங்கள் மெல்லிய சிக்னலைக் காது கொடுத்துக் கேட்பார்கள். எதிர்முனையும் ஒரு மலையுச்சி என்றால், இரண்டு உச்சிகளின் குறியீட்டையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் நேரத்தை ஏறும் முன்பே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் வந்ததும், எத்தனை பேர் வரிசையில் கூப்பிட்டாலும் கம்பத்தைச் சாய்த்துவிடுங்கள். கம்பத்தின் மூட்டுகளில் ஐஸ் பிடித்திருந்தால் அதை மடக்கவே கால் மணி நேரம் ஆகும், குளிர்கால வெளிச்சமோ மூன்றரைக்கே மங்கத் தொடங்கிவிடலாம்.