டிவிடி அலமாரி: கேள்வி – பதில்

? 'ஸ்டார்கேட் எஸ்.ஜி.-1' விண்வெளித் தொடரின் பத்து சீசனையும் மூச்சுவிடாமல் பார்த்தேன். வில்லன்களான ஓரிகளோடு நடந்த சண்டை என்ன ஆனது என்றே சொல்லாமல் கடையைக் கட்டிவிட்டார்களே, நியாயமா?

! நியாயமில்லைதான். ஆனால் நீங்கள் இன்னும் முடிக்கவில்லை. 214 எபிசோடுகளுக்குப் பிறகு இரண்டு படங்கள் இருக்கின்றன. 2006 ஆகஸ்டில் 200-வது எபிசோடு ஒளிபரப்பானது. அந்தக் கொண்டாட்டம் அடங்குவதற்குள், தொடரை ஒளிபரப்பிய சை ஃபை சேனல் கைவிரித்துவிட்டது. கடைசி எபிசோடில் விண்கப்பலுக்குள் ஐம்பது வருடம் ஓடுகிறது, ஓரிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்! அந்தக் கணக்கைத் தீர்க்க 2008 மார்ச்சில் 'தி ஆர்க் ஆஃப் ட்ரூத்' நேரடியாக டிவிடியில் வந்தது. ராபர்ட் சி. கூப்பர் எழுதி இயக்கினார். ஒரு முழு சீசனுக்கான கதையை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் திணித்திருக்கிறார், அவசரம் தெரியும். எப்படித் தீர்கிறது என்று நான் சொல்லமாட்டேன். போன தடவை உளறியதற்கு வந்த வசவுக் கடிதங்களே போதும்.

? தியேட்டருக்குப் போகாத படம் என்றாலே மட்டம்தானே?

! அதே 2008 ஜூலையில் வந்த இரண்டாவது ஸ்டார்கேட் படம் 'கன்டினியூம்' பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு நீர்மூழ்கி மேலே வருமே, அது கம்ப்யூட்டர் வேலை இல்லை. அமெரிக்கக் கடற்படையின் அலெக்ஸாண்ட்ரியா! 2007 மார்ச்சில் ஆர்க்டிக் பனி முகாமுக்கே போய் எடுத்தார்கள். தொடரின் நடிகர்கள் பென் பிரவுடரும் அமாண்டா டேப்பிங்கும் போனார்கள். எட்டாவது சீசனோடு ஒதுங்கியிருந்த ரிச்சர்ட் டீன் ஆண்டர்சனும் கூடவே போனார். படத்துக்குச் செலவு சுமார் 70 லட்சம் டாலர். அந்தப் பணத்தில் இது எப்படி முடிந்தது? செட்டெல்லாம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. பாத்திரங்களை அறிமுகப்படுத்த வேண்டிய வேலையும் இல்லை. பத்து சீசன் பெட்டியை வாங்கியவன் பதினொன்றாவதாக இதையும் வாங்குவான் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். வாங்கினவர்களில் நானும் ஒருவன். முந்தைய படம் கடன் அடைத்தது, இது விருந்து வைத்தது.

? டிவிடியால் பிழைத்து மறுபடி டிவிக்கே திரும்பிய தொடர் உண்டா?

! 'ஃப்யூச்சராமா' என்ற கார்ட்டூன் தொடர். ஃபாக்ஸ் சேனல் 2003-ல் நிறுத்தியது. 2007 முதல் 2009 வரை நான்கு டிவிடி படங்கள். ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி 16 எபிசோடுகளாகக் காமெடி சென்ட்ரல் சேனல் காட்டியது. 2010-ல் புது எபிசோடுகளே வந்துவிட்டன. வெட்டுவதற்கென்றே தைத்த சட்டை என்பதால், படமாகப் பார்க்கும்போது தையல் உறுத்தும்.

? எஸ்.ஜி.-1-இன் கிளைத்தொடர் 'ஸ்டார்கேட் அட்லாண்டிஸ்' படம் எங்கே? டிவிடி கிடைக்குமா?

! தேடாதீர்கள். 100 எபிசோடுகளோடு தொடரை நிறுத்தியபோது படம் வரும் என்றுதான் சொன்னார்கள். திரைக்கதைகூட எழுதியாகிவிட்டது. அதற்குள் டிவிடி விற்பனை சரிந்தது. 2010 நவம்பரில் தொடரைத் தயாரித்த எம்.ஜி.எம். நிறுவனமே திவால் மனு போட்டது. 2011-ல் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான பிராட் ரைட் படம் இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்து வந்த 'ஸ்டார்கேட் யுனிவர்ஸ்' கதி இன்னும் மோசம். கடைசியான 40-வது எபிசோடில் விண்கப்பலில் எல்லோரும் நீண்ட உறக்கத்துக்கான பெட்டிக்குள் போகிறார்கள். ஈலை என்ற இளைஞன் மட்டும் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இன்றுவரை அங்கேதான் நிற்கிறான்.