ஸ்ப்ளின்டர்லேண்ட்ஸ் விளையாட்டுக்கு வெளியாட்கள் எப்படிக் கருவி உருவாக்குகிறார்கள்? யாரிடம் அனுமதி வாங்குகிறார்கள்?

பெரும்பாலும் யாரிடமும் வாங்கத் தேவையில்லை. 2018-இல் ஸ்டீம் மான்ஸ்டர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய இந்தச் சீட்டு விளையாட்டு இன்று ஹைவ் என்ற பிளாக்செயினில், அதாவது எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில், ஓடுகிறது. அங்கே 3 விநாடிக்கு ஒரு பிளாக், அதாவது பதிவுகளின் தொகுப்பு, சேரும். நீங்கள் ஒரு சீட்டை விற்பனைக்கு வைத்தால், அது 'கஸ்டம் ஜேசன்' என்ற சிறு பதிவாக அதில் ஏறிவிடும்: யார், எந்தச் சீட்டு, என்ன விலை. யாரும் படிக்கலாம். பீக்மான்ஸ்டர்ஸ் போன்ற வெளிச் சந்தைகள் நிற்பது இந்த அடித்தளத்தில்தான். வாங்கும் பதிவில் எந்தச் சந்தை வழியாக வந்தது என்று குறிக்க ஓர் இடம் உண்டு; விற்பனைக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தச் சந்தைக்குப் போய்ச் சேரும். உழைப்புக்குக் கூலி விதியிலேயே இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஹைவ் கணக்குக்குக் கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவிகள் பல உண்டு. விளையாட்டில் சண்டை போட போஸ்டிங் சாவி போதும். சீட்டு கைமாற ஆக்டிவ் சாவி வேண்டும். எந்தக் கருவியிலும் ஆக்டிவ் சாவியைத் தட்டச்சு செய்யாதீர்கள். சாவிகளைப் பாதுகாக்கும் பிரவுசர் நீட்டிப்பான ஹைவ் கீசெயின் வழியாகவே கையொப்பமிடுங்கள். சாவி உங்கள் பிரவுசரை விட்டு வெளியே போகாது.